வெர்னா தட்டு கழுவிய ஞாயிறு

கதையை எங்கே விட்டேன்? புதன்கிழமை காலையில். எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாடகர் ராய்ஸ் டன்லப்பின் ஆள் பேசினான். என் நாத்தனார் வெர்னாவை நான்கு மாதச் சுற்றுப்பயணத்துக்கு, முதல் கிட்டார் வாசிக்க, கூப்பிட்டான். செய்தியைக் கேட்டதும் அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. சந்தோஷத்தில் கை நடுங்கிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். பயணத்தைப் பற்றியே பேசிப் பேசி அந்தக் கோப்பையை மறந்தும் போனோம். நானும்தான் மறந்தேன். அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நோரீன். ஆயில்டேல் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறேன். என் புருஷன் லோவெல் எங்கள் கராஜில் கிட்டார் பழுது பார்க்கிறான். வெர்னா அவனுக்கு இரண்டு வயது மூத்தவள். காட்டன் போல் என்ற நடனக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறாள். வெளியூர்ப் பாடகர்கள் வந்து கேட்பார்கள். "பொம்பளைக்கு இது நல்லாவே வருதே" என்பார்கள். போகும்போது பக்கத்தில் நிற்கிற ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாற்பத்திரண்டு வயதில்தான் அவளுக்கு அந்த அழைப்பு வந்தது.

டன்லப்பின் பஸ் திங்கள்கிழமை நண்பகல் பார்ஸ்டோவிலிருந்து கிளம்புகிறது. மலை தாண்டி அவளைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. லோவெல் ஓட்டினால் பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும். அது ஊருக்கே தெரியும்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. லோவெலின் பிறந்தநாளும் அன்றுதான்.

வெயில் நூற்றெட்டு டிகிரி. கூலர் சத்தம் போட்டதே தவிரக் குளிரைக் காணோம். கோழி வறுவல், பீன்ஸ், சோளரொட்டி எல்லாம் சாப்பிட்டு முடிந்து, பீச் பழப் பலகாரம் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. லோவெல் மூன்று கிட்டார்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வரிசையாகக் கிடத்தினான். மேசையில் கிட்டார் வைக்காதே என்று இருபது வருஷமாகச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று.

"பஸ்ல ஒரு கிட்டாருக்குத்தான் இடம். கண்டிப்பா சொல்லிட்டாங்க," என்றான் லோவெல். "எதுன்னு சொல்லு. இன்னைக்கே சரிபண்ணி வெச்சிடறேன்."

"நீயே பாத்து ஒண்ணை எடுத்து வை," என்றாள் வெர்னா.

நான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தேன். தந்தியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக்கைக்கூட இவள் அடுத்தவர் எடுத்துக் கொடுத்து வாங்கியதில்லை. பத்து பிக்கைக் கையில் உருட்டிப் பார்த்து ஒன்பதைத் திருப்பிக் கொடுக்கிற ஜென்மம்.

"என்ன, பெரிய மனுஷி ஆயிட்டியா? எடுத்து வைக்க ஆள் வேணுமா?" என்றான் லோவெல்.

"ஆமாடா. பெட்டியையும் நீயே தூக்கிட்டு வா."

மேசையில் கிடந்த மூன்றில் இரண்டு டெலிகாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிட்டார். உடம்பு ஒன்று, எடை ஒன்று, கழுத்து மட்டும் வேறு. ஒன்றின் விரல்பலகை, அதாவது கழுத்தில் விரல் ஓடுகிற பலகை, வெளிர் மஞ்சள் மேப்பிள் மரம். வெர்னாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். காட்டன் போலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் "இது வெர்னா" என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்றின் பலகை காப்பி நிற ஈட்டி மரம். மூன்றாவது லெஸ் பால் என்கிற கனமான கிட்டார், கருங்காலிப் பலகை போட்டது.

"மேப்பிள்னா சத்தம் பச்சை பீன்ஸை ஒடிக்கிற மாதிரி டக்குனு வரும்னு எல்லாப் பயலும் சொல்றான்," என்று லோவெல் ஆரம்பித்தான். "ஈட்டின்னா கொஞ்சம் உருண்டையா வருமாம். என்னைக் கேட்டா அதுல பாதி தந்தி, கால்வாசி வாசிக்கிறவன் கை, மிச்சம் வாய்."

"யாரு வாய்?" என்றேன்.

"கடைக்காரன் வாய்தான்."

"அது காதுக்குச் சரி," என்றாள் வெர்னா. "விரலுக்கு அந்தக் கதை நடக்காது. மேப்பிள் மேல வார்னிஷ் இருக்கு, கண்ணாடி மாதிரி வழுக்கும். ஈட்டியில வார்னிஷ் கிடையாது. வெறும் மரம், துளைத்துளையா இருக்கும். தந்தியை வளைச்சா லேசா பிடிச்சு விடும்."

"கருங்காலி?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கும் வார்னிஷ் இல்லை. ஆனா கூழாங்கல் மாதிரி வழவழன்னு இருக்கும். அந்த லெஸ் பாலை மாட்டிக்கிட்டு நாலு மாசம் நின்னா நான் ஒரு பக்கமா சாஞ்சுதான் ஊருக்குத் திரும்புவேன்."

மேசைமேல் இருந்தவற்றில் ஒன்றையும் தொடாமலே இதைச் சொன்னாள். அதையும் நான் பார்த்தேன். பார்த்து என்ன, மண்டையில் ஏறவில்லை.

பிறந்தநாளன்று எங்கள் வீட்டில் ஒரு ஆட்டம் உண்டு. வெர்னாவின் கண்ணை அடுப்படித் துண்டால் கட்டுவோம். லோவெல் ஒரு கிட்டாரை மடியில் வைப்பான். அவள் பலகையின் மரத்தைச் சொல்ல வேண்டும். தோற்றவர் அன்றைய பாத்திரம் முழுக்கக் கழுவ வேண்டும். பதினோரு வருஷமாக லோவெல்தான் கழுவுகிறான். தந்தியை மீட்டுவதற்கு முன்பே, இடக்கை விரல் பலகையில் ஒரு தரம் ஓடியதுமே, சொல்லிவிடுவாள். ஒரு வருஷம் ஆம்ப்ளிஃபையரில் சொருகுவதற்குள் சொல்லிவிட்டுப் பலகாரத்தைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த வருஷம் வேண்டாமே," என்றாள். "கிளம்பற வேலை கிடக்கு."

"அதெல்லாம் முடியாது. நாலு மாசம் நீ இருக்க மாட்டே. யாரை நான் ஜெயிக்கிறது?"

துண்டைக் கட்டினேன். முதலில் லெஸ் பாலை வைத்தான்.

"இது என்னடா ஏமாத்து வேலை? கன்னுக்குட்டியை மடியில போட்டுட்டு என்னன்னு கேக்கறே. கருங்காலி."

சிரித்தோம். லோவெல் அதை எடுத்துவிட்டு ஒரு டெலிகாஸ்டரை வைத்தான். அவளது இடக்கை பலகையில் மேலே போயிற்று. கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று.

"ஆம்ப்ல சொருகு," என்றாள்.

"அது ஆட்டத்துல இல்லையே."

"பதினோரு வருஷமா ஜெயிக்கிறவ கேக்கறேன், சொருகுடா."

சொருகினான். காட்டன் போலில் முதல் பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற அவளுடைய வழக்கமான ஓட்டத்தை வாசித்தாள். சத்தம் சில்லென்று வந்தது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகப் பேசியது. எனக்குக்கூடத் தெரிந்தது, பச்சை பீன்ஸ்தான் என்று.

"மேப்பிள்," என்றாள்.

லோவெல் துண்டை அவிழ்த்தான். அவள் குனிந்து பார்த்தாள். காப்பி நிறம். ஈட்டி மரம்.

அதற்குப் பிறகு என் புருஷன் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுதினால் எனக்குத்தான் வெட்கம். நாற்பதாவது பிறந்தநாளை நாய்க்குட்டி மாதிரி கொண்டாடினான். விஷயம் இதுதான். ஈட்டிப் பலகைக் கிட்டாருக்கு அன்று காலையில்தான் புதுத் தந்தி போட்டிருக்கிறான். மேப்பிளில் ஆறு மாதம் வேர்வை குடித்துச் செத்துப்போன தந்தி. புதுத் தந்தி எந்த மரத்திலும் பளிச்சென்று பேசும்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, பாதி தந்திதான்னு. பெரிய பெரிய காதெல்லாம் ஏமாந்துபோச்சு."

வெர்னா சிரித்தாள். ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாள்.

"சரி, ஏப்ரனைக் குடு," என்றாள்.

லோவெல் சீட்டியடித்துக்கொண்டே மூன்றையும் கராஜுக்குக் கொண்டுபோனான். நாங்கள் இருவரும் தொட்டியருகில் நின்றோம். அவள் கழுவினாள், நான் துடைத்தேன். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஏழரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் போய்விடலாம் என்றேன்.

அவள் வலக்கையை மட்டும் நுரைக்குள் விட்டுத் தட்டு தேடுவதை அப்போதுதான் கவனித்தேன். இடக்கை தொட்டியின் விளிம்பைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. கரண்டி ஒன்று நழுவி உள்ளே போக, இடக்கையையும் விட்டுத் துழாவினாள். கரண்டி வந்தது. கூடவே நுரை இளஞ்சிவப்பாக வந்தது.

"வெர்னா, கையை வெளியே எடு."

எடுத்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் அரை அங்குலத்துக்கு வெட்டு. பீச் பழம் நறுக்கின கத்தியை நான் உள்ளே போட்டிருந்தேன். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் "ஸ்" என்றாள்.

கோப்பை உடைந்தது, கிட்டாரை நீயே எடு என்றது, ஆம்ப்ல சொருகு என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவில் வந்து நின்றது.

"தடிச்ச தோலு, நோரீன்," என்றாள். "முப்பது வருஷமா தந்தியில தேய்ஞ்ச விரலு. தெரியாது."

"தடிச்ச தோலு இன்னைக்கா வந்துச்சு? போன வருஷமும் இதே தோலுதானே. தொட்டதும் சொன்னியே."

விரலை நீட்டினாள். பஞ்சு வைத்துக் கட்டினேன்.

"எந்தெந்த விரலு?" என்றேன். "கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். காலையில எழுந்ததும் கையை உதறணும் போல இருக்கும். சரியா?"

"உனக்கு யாரு சொன்னா?"

என் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன். தழும்பு அங்கேயே இருக்கிறது. பஸ் ஓட்டப் போவதற்கு முன்னால் பதினோரு வருஷம் உருளைக்கிழங்குக் கிடங்கில் கிழங்கு பொறுக்கினவள் நான். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர் ஆல்பர்ஸ். அறுத்துவிட்டால் சரியாகிவிடும், தள்ளிப்போடாதே என்றார். இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். பிறகு அறுத்தார்கள். இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஆரம்பிச்சது," என்றாள் வெர்னா. "அப்பல்லாம் உதறினா போயிடும். இப்போ உதறினாலும் போகலை."

"அப்புறம் எப்படி வாசிக்கிறே?"

"கண்ணால. காதால. கைக்குப் போற வழி தெரியும், அதுபாட்டுக்குப் போகுது."

போன மாதம் காட்டன் போலில் அவள் குனிந்து கிட்டாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. வாழ்நாளில் பலகையைப் பார்த்து வாசித்தவளே அல்ல. அடக்கம் வந்துவிட்டது என்று லோவெல் பெருமைப்பட்டான்.

"ஆல்பர்ஸ் நாளைக்கு எட்டு மணிக்குக் கதவைத் திறப்பாரு," என்றேன். "அறுத்துத் தையல் போட்டா ஆறு வாரம். கிட்டாரைத் தொடக் கூடாது. அப்புறம் விரல் உனக்கு."

"ஆறு வாரத்துல டன்லப் டென்னசி போய்ச் சேந்திருப்பான். என் இடத்துல எவனாவது நின்னுக்கிட்டிருப்பான்."

"நாலு மாசம் இப்படியே வாசிச்சுட்டு வந்து, விரல் திரும்பலைன்னா?"

"நாலு மாசம் வாசிச்சிருப்பேனே."

என் வாய் சும்மா இருக்கவில்லை. என்னைப் பார், எனக்கு ஆன கதியைப் பார் என்றேன்.

"உனக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சாப் போதும்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் தெரிந்தது. கட்டுப்போட்ட கையால் என் முழங்கையைப் பிடித்தாள். அதற்குமேல் அந்தக் குடும்பத்தில் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் லோவெல் உள்ளே வந்தான். சீட்டி இல்லை. கையில் மேப்பிள் டெலிகாஸ்டர்.

"துணி போட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தேன்," என்றான். "சும்மா கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாத்தேன். இதையும், ஈட்டியையும். அரை செகண்ட் போதும், வெர்னா. குழந்தைகூடச் சொல்லிடும். தந்தியை மாத்தினா காதுதான் ஏமாறும். விரல் எப்படி ஏமாறும்?"

அவன் அவள் விரலிலிருந்த கட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். என் கதையை உடனிருந்து பார்த்தவன், வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"நான் ஜெயிக்கலை," என்றான். "ஏப்ரனைக் கழட்டு."

"தோத்தது தோத்ததுதான். போடா," என்றாள் வெர்னா.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கிட்டாரின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தான். அழுவானோ என்று பயந்தேன். அழவில்லை. இந்த வீட்டு மனுஷர்களுக்கு அழுகை வந்தால் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்கள்.

"பலகையில குறுக்கே உயரமான மெட்டுக்கம்பி போட்டுடறேன்," என்றான். "அப்போ விரல் மரத்தைத் தொடவே தொடாது. கம்பி மேலேயே நிக்கும். எந்த மரமா இருந்தாலும் உனக்கு ஒண்ணுதான்."

வெர்னாவின் முகம் நிமிர்ந்தது. "இதுல போடு. மேப்பிள்ல."

"இதுல ஒரே நாள்ல ஆகாது. பழைய கம்பியைப் பிடுங்கினா வார்னிஷ் செதில் செதிலா பேந்துக்கிட்டு வரும். திரும்பப் பூசி, காயவிட்டு, ஒரு வாரம் ஆயிடும். ஈட்டியில போடலாம். காலையில ரெடி."

அவள் மேப்பிளைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம். அதில்தான் அவள் பெயர் இருந்தது. மூச்சை இழுத்து விட்டாள்.

"சரி. ஈட்டி," என்றாள்.

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது.

"பல்லு சொத்தைன்னு வந்தவளுக்கு மெத்துன்னு இருக்கிற மிட்டாய் குடுக்கறியா நீ?" என்று லோவெலிடம் கேட்டேன். "அவ கையைப் பத்தி நான் பேசிக்கிட்டிருக்கேன்."

"அவளும் அதைப் பத்தித்தான் பேசறா, நோரீன்."

"உன் அக்கா கை மரத்துப்போச்சு, நீ கம்பி மாத்தறே."

"எனக்குத் தெரிஞ்சது அதுதான்," என்றான். எழுந்து கராஜுக்குப் போனான்.

சற்று நேரத்தில் சத்தம் வந்தது. கம்பியைப் பிடுங்குகிற சத்தம், பிறகு சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று அடிக்கிற சத்தம். வெர்னா மிச்சத் தட்டுகளைக் கழுவினாள். வேண்டுமென்றே இரண்டு கையாலும் கழுவினாள். கட்டு நனைந்தது. கடைசித் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டாள்.

"நாளைக்கு வண்டியை நீதானே ஓட்டறே?"

"நான்தான்."

ஆயில்டேலை விட்டு இறங்கி நெடுஞ்சாலை முனைக்கு வந்தால் இடப்பக்கம் மலை, அதற்கப்பால் பார்ஸ்டோ. வலப்பக்கம் இரண்டு தெரு தள்ளி டாக்டர் ஆல்பர்ஸ். அந்த முனையில் பள்ளிக்கூடப் பஸ்ஸோடு நான் ஆயிரம் தரம் நின்றிருக்கிறேன்.

வெர்னா ஏப்ரனைக் கழற்றி மடித்து என் கையில் வைத்தாள். கண்ணைக் கட்டின அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வண்டியில ஏறினதும் நான் கண்ணை மூடிக்குவேன், நோரீன். தூக்கமே சரியில்லை. முனையில திரும்பறப்போ என்னை எழுப்பாதே."

சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

அதுவரை பாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள்மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. கிட்டாரைத் தம்பியின் தலையில் கட்டினாள், கையை என் தலையில் கட்டிவிட்டாள். இடப்பக்கம் திருப்பினால் விரல் போனதற்கு நான் பொறுப்பு. வலப்பக்கம் திருப்பினால் பத்தொன்பது வருஷம் காத்திருந்து வந்த இடம் போனதற்கு நான் பொறுப்பு.

கராஜில் சுத்தியல் நிற்கவில்லை. வண்டிச் சாவி இருக்கிறதா என்று நான் கட்டியிருந்த ஏப்ரன் பைக்குள் வலக்கையை விட்டேன். விரலில் ஏதோ பட்டது. சாவியா, போன வாரம் அறுந்த பட்டனா என்று தெரியவில்லை. வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் சாவி என்று தெரிந்துகொண்டேன்.